ஒரே வகுப்பு, பன்னிரண்டு மாத இடைவெளி: பிள்ளையின் வயது பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் ஏப்ரல், மே வந்தால் தெருவில் இருந்து யாராவது பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். "டீச்சர், இந்த வருஷமே சேர்த்துடலாமா?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, எப்படியும் "பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்குது, இவன் மட்டும்..." என்று போய் நிற்கும். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே வகுப்புதானே, சில மாத வித்தியாசம் பெரிதாக என்ன செய்துவிடும்?

தமிழ்நாட்டில் ஜூலை 31-ஆம் தேதியை வைத்து வயதைக் கணக்குப் பார்ப்பது வழக்கம். அன்றைக்கு ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. அப்படிப் பார்த்தால் ஆகஸ்ட் முதல் வாரம் பிறந்த குழந்தையும், அதற்கடுத்த ஜூலைக் கடைசியில் பிறந்த குழந்தையும் ஒரே பெஞ்சில் உட்காரும். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு முழு வருடம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது அது வாழ்ந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. நாற்பது வயது அப்பாவுக்கு எட்டு வருடம் எப்படியோ அப்படி.

வகுப்பில் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஆகஸ்ட் பிள்ளை பித்தானைத் தானே போட்டுக்கொள்ளும், சாப்பாட்டு டப்பாவைத் தானே திறக்கும், இரட்டைக் கோடு நோட்டில் கோட்டுக்குள் எழுதும். "புத்தகத்தை உள்ளே வை, நோட்டை எடு, தேதி போடு" என்று மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் மூன்றையும் செய்யும். ஜூலை பிள்ளை முதல் வேலையைச் செய்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே ஆட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். விரல் இன்னும் வலுக்காததால் 'ஞ', 'ஐ' எழுதும்போது அழுத்திப் பிடித்துப் பென்சில் முனையை உடைக்கும். இதெல்லாம் அறிவுக் குறைவு கிடையாது. அந்த ஆகஸ்ட் பிள்ளையைப் போன வருடம் இதே மாதம் பார்த்திருந்தால், அதுவும் ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

வயது ஏற ஏற இடைவெளி சுருங்கும். பத்தாம் வகுப்பில் அதே பன்னிரண்டு மாதம் பதினைந்தில் ஒரு பங்குதான்.

என் பிள்ளை வகுப்பில் மூத்ததா, இளையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பள்ளி எந்தத் தேதியைக் கணக்கில் எடுக்கிறது என்று முதலில் கேளுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு, 2024-25-இல் எல்.கே.ஜி. சேர 1.8.2020 முதல் 31.7.2021 வரைக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று இருந்தது. ஆக, அங்கே ஆகஸ்டில் பிறந்தது மூத்தது, ஜூலையில் பிறந்தது கடைக்குட்டி. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-தான் கணக்கு. அங்கே ஏப்ரல் பிள்ளை மூத்தது, மார்ச் பிள்ளை கடைக்குட்டி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜூன் மாதம் பிறந்த பிள்ளை நம் மாநிலப் பள்ளியில் சேர்ந்தால் வகுப்பிலேயே சின்னவர்களில் ஒன்று. அதே பிள்ளை கேந்திரிய வித்யாலயாவில் சேர்ந்தால் மூத்தவர்களில் ஒன்று. பிள்ளை அதேதான், அதன் மூளையும் அதேதான். கோட்டை எங்கே போட்டார்கள் என்பது மட்டும் மாறுகிறது.

ஜப்பானில் ஏப்ரல் 2-இல் இருந்து வகுப்புக் கணக்கு தொடங்கும். ஜனவரி முதல் ஏப்ரல் 1 வரை பிறந்து, வகுப்பில் இளையவர்களாக இருப்பவர்களுக்கு அங்கே 'ஹயாஉமாரே' என்று தனிப் பெயரே உண்டு. 'முந்திப் பிறந்தவர்' என்று பொருள். ஒரு பெயர் இருந்தால் எவ்வளவு வசதி பாருங்கள். "இவன் ஹயாஉமாரே" என்றதும் ஆசிரியருக்கு விஷயம் புரிந்துவிடும். நம்மிடம் அப்படி ஒரு சொல் இல்லாததால் "இவன் கொஞ்சம் மந்தம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? எல்லாரும் படிக்கவில்லையா?

பார்த்தார்கள், அவர்கள் வழியில். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் பள்ளிக்கூடம், எட்டவில்லை என்றால் "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க". சிரிப்பாக இருக்கலாம், ஆனால் அந்தச் சோதனை பிறந்த தேதியைக் கேட்கவில்லை, உடல் வளர்ச்சியைத்தான் கேட்டது. சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஐந்து, ஆறு வயது வாக்கில் கை நீண்டு காதை எட்டும்.

காது எட்டிய பிறகு தலைமை ஆசிரியர் ரிஜிஸ்டரில் ஒரு தேதியை எழுதுவார். உங்கள் வீட்டில் அறுபது, எழுபது வயதுப் பெரியவர்கள் இருந்தால் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மே, ஜூனில் பிறந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே இருப்பார்கள். என் அப்பாவும் ஜூன் 1-தான். பாட்டியைக் கேட்டால் "தை மாசம், அறுப்பு நடந்துக்கிட்டிருந்தப்போ" என்பார்.

அப்போது ஒரு வகுப்பில் இரண்டு, மூன்று வயது வித்தியாசம் சாதாரணம். அதனால் யாரும் சமமாக ஓடுவார்கள் என்று எதிர்பார்க்கவும் இல்லை. எல்லாரும் படித்தார்களா என்றால், இல்லை. பாதிப் பேர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அந்தக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம்.

மதிப்பெண்ணில் இது உண்மையாகவே தெரிகிறதா?

தெரிகிறது. கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பல நாட்டு மாணவர்களின் கணிதம், அறிவியல் தேர்வுகளை வைத்து 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், வகுப்பில் மிக இளையவர்கள் மிக மூத்தவர்களைவிட நான்காம் வகுப்பில் 4 முதல் 12 இடம் வரை பின்தங்கி இருந்தார்கள். எட்டாம் வகுப்பில் அது 2 முதல் 9 ஆகக் குறைந்தது. குறைந்தது, ஆனால் மறையவில்லை.

இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31-தான் எல்லைத் தேதி. அங்கே ஆகஸ்ட் பிள்ளை நான்கு வயது முடிந்த கையோடு பள்ளிக்குப் போகிறது, செப்டம்பர் பிள்ளை ஏறக்குறைய ஐந்து வயதில் போகிறது. பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வில்கூட ஐந்து பாடங்களில் நல்ல தரம் பெறுவோர் விகிதத்தில் இரண்டு மாதத்தாருக்கும் இடையே ஆறு சதவீதப் புள்ளி அளவுக்கு வித்தியாசம் இருந்ததாக லண்டனில் உள்ள நிதி ஆய்வு நிறுவனம் கண்டது. வளர்ந்த பிறகு வாங்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றும் அதே ஆய்வாளர்கள் சொன்னார்கள். பிறந்த மாதம் தலையெழுத்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இது சராசரிக் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. என் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்த ஜூலைப் பிள்ளைகள் உண்டு. மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டத் திணறிய ஆகஸ்ட் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் பேச்சு, சாப்பாடு, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது, இதெல்லாம் மாதக் கணக்கைவிடப் பெரிய விஷயம்.

வயது ஏறினால் தானாகச் சரியாகிவிடும் என்றால் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

என்னிடம் கேட்கப்பட்டதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். இடைவெளி சரியாகிவிடும். அதற்குள் ஒட்டிய பெயர் உரியாது.

முதல் இரண்டு வருடத்தில் பின்தங்கும் பிள்ளைக்கு நம் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் உண்டு. நல்ல எண்ணத்தில் போடுவதுதான், தனிக் கவனம் கொடுக்கலாம் என்று. ஆனால் அந்தப் பட்டியல் வகுப்பு ஆசிரியரிடமிருந்து அடுத்த ஆசிரியருக்குக் கைமாறும். அவர் பிள்ளையைப் பார்க்கும் முன்பே பட்டியலைப் பார்த்துவிடுவார். சுலபமான கேள்வி இந்தப் பிள்ளைக்கு, கஷ்டமான கேள்வி அந்தப் பிள்ளைக்கு என்று வகுப்பு தானாகப் பிரிந்துகொள்ளும். நானும் இதைச் செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்து ஏழெட்டு வருடம் கழித்துத்தான் ஒருநாள் சும்மா இருக்கும்போது என் பட்டியலையும் சேர்க்கைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினோரு பெயர் இருந்தது. ஏழு பேர் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் பிறந்தவர்கள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிள்ளைகளின் மனப்போக்கும் வயதோடு மாறும். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால், பதில் தெரிந்தவன், தெரியாதவன், கேள்வியையே கேட்காதவன், எல்லாரும் கையைத் தூக்குவார்கள். எழுப்பிக் கேட்டால் "டீச்சர், எங்க வீட்டுல கன்னுக்குட்டி போட்டுருக்கு" என்பான். இந்த வயதில் தன்னைப் பற்றி எல்லாரும் நல்லபடியாகத்தான் நினைத்துக்கொள்வார்கள். முயற்சி செய்தால் புத்திசாலி, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஏழு, எட்டு வயதில் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்து ஒப்பிடத் தொடங்குகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் 'முயற்சி' வேறு, 'திறமை' வேறு என்று பிரித்துப் பார்க்கும் புத்தி வருகிறது. "அவன் படிக்காமலேயே மார்க் எடுக்கிறான், நான் படித்தும் வரவில்லை, அப்போ எனக்குத் திறமை இல்லை" என்ற முடிவுக்கு ஒரு பிள்ளை வர முடிவது அந்த வயதில்தான். ஜான் நிக்கோல்ஸ் என்ற உளவியலாளர் 1970-களின் கடைசியில் இதை அழகாகப் படிப்படியாகக் காட்டினார்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஜூலைப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது மாத இடைவெளி பெரும்பாலும் தேய்ந்திருக்கும். ஆனால் சரியாக அந்த நேரத்தில்தான், நான்கு வருடமாகக் கேட்ட "உனக்கு வராது" என்பது அதன் மனதில் திறமையைப் பற்றிய தீர்ப்பாக உட்காருகிறது. கை தூக்குவது நின்றுபோகும். கேட்டால் "தெரியாது டீச்சர்" என்று எழுந்து நிற்கும், யோசித்துக்கூடப் பார்க்காது.

பையன் ஒரு நிமிடம் உட்காரமாட்டேன் என்கிறான். ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காத, ஓய்வில்லாமல் துறுதுறுக்கும் கோளாறு) என்று பள்ளியில் சொல்கிறார்கள். உண்மையா?

இருக்கலாம். ஆனால் முதலில் பிறந்த மாதத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், செப்டம்பர் 1-ஐ எல்லைத் தேதியாக வைத்த மாநிலங்களில் ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு, அதாவது வகுப்பின் கடைக்குட்டிகளுக்கு, ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பது செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகமாக இருந்தது. செப்டம்பர் 1 எல்லை இல்லாத மாநிலங்களில் இந்த இரண்டு மாதத்துக்கும் நடுவே அப்படி வித்தியாசம் இல்லை. ஆகஸ்டில் பிறந்தால் நோய் வரும் என்று அர்த்தமில்லை, வகுப்பில் சின்னப் பிள்ளையாக இருப்பதைச் சிலருக்கு நோயாகப் படித்துவிட்டார்கள் என்று அர்த்தம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-இல் வந்த ஆய்வும் இதையேதான் சொன்னது. அங்கே டிசம்பர் கடைசி எல்லை. டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஜனவரிப் பையன்களைவிட 30 சதவீதம் அதிகம், பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதம் அதிகம்.

இதைச் சொன்னதும் சில அப்பாக்கள் "பார்த்தியா, டாக்டரே வேண்டாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அதுவும் தவறு. ஏ.டி.எச்.டி. உண்மையில் இருக்கிறது, அது இருக்கும் பிள்ளைக்கு உதவி கிடைக்காவிட்டால் ரொம்பவே சிரமப்படும். வகுப்பில் மட்டும்தான் அமைதி இல்லையா, வீட்டிலும் கடையிலும் கல்யாண வீட்டிலும் அப்படித்தானா என்று பாருங்கள். தெருவில் அவனோடு ஒரே மாதத்தில் பிறந்த பிள்ளை இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள், வகுப்பில் மூத்த பிள்ளையோடு வேண்டாம். அப்புறமும் சந்தேகம் இருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் போகும்போது, வகுப்பில் இவன் எத்தனை மாதம் இளையவன் என்பதையும் சொல்லுங்கள்.

நண்பர்கள், விளையாட்டு, வகுப்புத் தலைவர், இதிலெல்லாம் வயது தெரியுமா?

படிப்பைவிட இதில்தான் அதிகம் தெரியும். சின்ன வகுப்பில் லீடராக யாரை நிறுத்துகிறோம்? உயரமான, குரல் வந்த, சொன்னதைச் செய்கிற பிள்ளையை. அது பெரும்பாலும் மூத்த பிள்ளை. கரும்பலகை அழிப்பது, சாக்பீஸ் எடுத்து வருவது, அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேதி சொல்வது எல்லாம் அதற்கே. செய்யச் செய்ய அந்தப் பிள்ளைக்குத் தைரியம் கூடும். அடுத்த வருடமும் அதுவே லீடர். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், வகுப்பில் மூத்தவர்கள் விளையாட்டு அணித் தலைவராகவோ மன்றத் தலைவராகவோ வருவதற்கான வாய்ப்பு 4 முதல் 11 சதவீதம் அதிகம் என்று டூயியும் இன்னொருவரும் 2008-இல் எழுதினார்கள்.

விளையாட்டில் கதை இன்னும் பழசு. கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980-களில் கவனித்தார். வருட ஆரம்பத்தில் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அரிது. அங்கே ஜனவரி 1-தான் எல்லை. சிறுவர் அணிக்குத் தேர்வு செய்யும்போது பெரிய உடம்பு கண்ணில் பட்டிருக்கிறது. தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியாளர், அதிக ஆட்டம். சில வருடத்தில் அவன் உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரன் ஆகிவிடுகிறான்.

நட்புக்கு வேறு கணக்கு. ஆறு வயதில் நண்பன் என்றால் பக்கத்தில் உட்காருபவன். காலையில் "கா", மதியம் "பழம்". எட்டு, ஒன்பதில் பையன்கள் ஒரு கும்பல், பெண் பிள்ளைகள் ஒரு கும்பல் என்று தனித்தனியாகப் பிரிவார்கள். ஆட்டத்தை விட விதியைப் பற்றிய சண்டைதான் அதிகம் நடக்கும். "அவுட்", "அவுட் இல்லை" என்று அரை மணி நேரம் போகும். இந்த வயதில் சின்னப் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்தாலும் ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிடுவார்கள். தெருவில் அது பரவாயில்லை, அங்கே அதைவிடச் சின்னது ஒன்று இருக்கும். வகுப்பில் அந்தப் பிள்ளையைவிடச் சின்னது யாரும் கிடையாது. கேலிக்கும் சீண்டலுக்கும் இளைய பிள்ளைகள் அதிகம் ஆளாகிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன.

அப்போ மூத்த பிள்ளையாக இருப்பது எப்போதுமே நல்லதா?

இல்லை. ஆறு, ஏழாம் வகுப்பில் தலைகீழாக மாறும் இடம் ஒன்று உண்டு, பெண் பிள்ளைகளுக்கு. வகுப்பில் முதலில் வயதுக்கு வரும் பெண் பெரும்பாலும் மூத்த பிள்ளைதான். திடீரென்று அந்தப் பிள்ளை முதுகைக் குனிந்து நடக்கும், விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்காரும். வீட்டிலும் "இனிமே பையன்களோட ஓடக்கூடாது" என்பார்கள். அதற்குத் துணைக்கு வகுப்பில் இன்னொருத்தி இருக்கமாட்டாள். முன்பெல்லாம் சடங்குக்காக இரண்டு வாரம் லீவு போட்டு வந்தவுடன் அத்தனை கண்ணும் அதன் மேலேயே இருக்கும். உயரத்தைப் பார்த்துப் பெரியவள் என்று நினைத்து ஆசிரியர்களும் பெரிய பேச்சுப் பேசுவோம். உள்ளே அது பதினொரு வயதுக் குழந்தைதான்.

ஒரு வருடம் கழித்தே சேர்க்கலாமா?

ஜூலைப் பிள்ளையின் அம்மாக்கள் கேட்பது. ஒரே பதில் கிடையாது.

டென்மார்க்கில் ஒரு வருடம் தாமதமாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏழு வயதில் கவனச் சிதறலும் அமைதியின்மையும் நன்றாகவே குறைந்திருந்தன, பதினொரு வயதிலும் அந்த நன்மை தெரிந்தது. நார்வேயில் பதினெட்டு வயதில் அறிவுத்திறனை அளந்தபோது, தாமதமாகச் சேர்ந்ததால் எந்த லாபமும் தெரியவில்லை, மயிரிழை நஷ்டம்தான். சீக்கிரம் படித்து முடித்தவர்கள் சீக்கிரம் வேலைக்குப் போனதால் ஆரம்பத்தில் கொஞ்சம் அதிகம் சம்பாதித்தார்கள். முப்பது வயது வாக்கில் அதுவும் சமமாகிவிட்டது.

நான் சொல்வது இது: அந்த ஒரு வருடம் பிள்ளை எங்கே இருக்கும்? நல்ல அங்கன்வாடியோ, யு.கே.ஜி.யோ, பேச்சுக் கொடுக்கப் பாட்டியோ இருந்தால் காத்திருக்கலாம். அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போய், பிள்ளை நாள் முழுக்க செல்போனோடு உட்காரும் வீடு என்றால் பள்ளியே மேல். பேச்சு தெளிவாக வராத, கழிப்பறைக்குச் சொல்லத் தெரியாத, அம்மாவை விட்டு ஒரு மணி நேரம் இருக்க முடியாத பிள்ளை என்றால், ஜூலை கடைசியில் பிறந்தும் இருந்தால், தயங்காமல் ஒரு வருடம் பொறுங்கள். மே, ஜூன், ஜூலைப் பிள்ளைகளை எல்லாரும் ஒரு வருடம் கழித்துச் சேர்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறீர்களா? ஏப்ரல் பிள்ளை கடைக்குட்டி ஆகும். யாராவது ஒருவர் கடைசியாக இருந்துதான் ஆக வேண்டும்.

ஒரு வருடம் முன்னாடியே சேர்த்தால்? டபுள் புரமோஷன்?

வேண்டாம். நீட் எழுத அந்த வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நம் மாநிலக் கணக்கில் ஒரு வருடம் முந்திப் போன பிள்ளை ஜனவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் பிறந்ததாக இருந்தால், பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பிறந்த தேதியை மாற்றிக் கொடுக்கலாம் என்ற யோசனையும் இப்போது எடுபடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். தலைமை ஆசிரியர் ஜூன் 1 எழுதிய காலம் முடிந்தது.

ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது சரியா, ஆறு வயது சரியா?

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறு என்கிறது. கேந்திரிய வித்யாலயா 2022-23 முதல் ஆறுக்கு மாறியது. பெற்றோர் வழக்குப் போட்டும் நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை ஐந்து என்கிறது. பின்லாந்தில் ஏழு. என் கருத்து, ஐந்தோ ஆறோ, அந்த வயதில் வகுப்பில் என்ன செய்யச் சொல்கிறோம் என்பதுதான் பெரிது. ஐந்து வயதில் பாட்டும் மணலும் புளியங்கொட்டையும் என்றால் கவலையே இல்லை, தினம் நான்கு பக்கம் எழுது என்றால் ஆறு வயதும் சீக்கிரம்தான். எந்த வயதை வைத்தாலும் பன்னிரண்டு மாத இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

ஆசிரியர்கள் என்ன செய்ய முடியும்?

நம் ஊரில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து, பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஓர் 'ஏணி'யில் அவரவர் எட்டிய படிக்கான அட்டையை எடுத்துப் படித்தார்கள். யார் எந்த வயது என்ற கேள்வியே எழாது. அதில் குறைகளும் இருந்தன, அட்டை எடுப்பதிலேயே நேரம் போன வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜூலைப் பிள்ளைகளுக்கு அதைப்போல மூச்சுவிட இடம் கொடுத்த முறை இன்னொன்று நான் பார்க்கவில்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதும் அந்த வழிதான். ஒரே ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இரண்டாவது வாரமே "நீ அரும்பு" என்று கேலி தொடங்கிவிடும். அரும்பில் இருந்து மொட்டுக்குப் போவது அடிக்கடி நடக்க வேண்டும், எல்லாரும் பார்க்க நடக்க வேண்டும்.

இன்னொன்று, கால்பந்தில் இருந்து வந்த யோசனை. நெதர்லாந்தில் இளம் வீரர்களைத் தேர்வு செய்பவர்களுக்குப் பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை, மூத்த பிள்ளைகளையே எடுத்தார்கள். அப்புறம் சட்டை எண்ணையே வயது வரிசையில் போட்டுவிட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் வயது நினைவுக்கு வந்தது, அந்தச் சாய்வு மறைந்தது. 2017-இல் வெளியான ஆய்வு.

அதைப் படிப்பதற்குப் பல வருடம் முன்பே என் வருகைப் பதிவேட்டில் பெயர்களை அகர வரிசையில் எழுதாமல் பிறந்த தேதி வரிசையில் எழுதத் தொடங்கியிருந்தேன். அந்தப் பதினோரு பேர் பட்டியலுக்குப் பிறகு வந்த பழக்கம். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் "ஏன் இப்படிக் குழப்பி வைத்திருக்கிறீர்கள்?" என்று கடிந்துகொண்டார். விளக்கினேன், கேட்டுக்கொண்டு போய்விட்டார். மாற்றச் சொல்லவில்லை.

வீட்டில் என்ன செய்வது?

ஜூன் மாதம் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே "டீச்சர், இவ ஜூலை இருபத்தெட்டுல பிறந்தவ" என்று வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவ்வளவு போதும். சித்தி மகள் படிப்பதோடு ஒப்பிடும் முன் இரண்டு பேருக்கும் எத்தனை மாதம் வித்தியாசம் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கையெழுத்துக்கு அடிக்காதீர்கள். பூத் தொடுக்க, பட்டாணி உரிக்க, மாவு உருட்டச் சொல்லுங்கள், விரல் தானாக வலுக்கும். முடிந்தால் சாயங்காலம் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். பகல் முழுக்க வகுப்பில் கடைக்குட்டியாக இருந்த பிள்ளை, தெருவில் நாலு வாண்டுகளுக்கு ஆட்டத்தின் விதியைச் சொல்லிக் கொடுக்கும்போது அதன் குரல் எப்படி மாறுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.